வீல்சேர் பவுண்ட் என்று எழுதலாமா? தம்பியைப் பற்றி ஆங்கிலத்தில் என்ன போடுவது?

வளவுவீட்டு ஆச்சி (கானாடுகாத்தான் பக்கம்):

எங்கள் ஐயா கட்டிய வீட்டில் நாலு அறையை ஒழுங்கு பண்ணி, வெளியூர்க்காரர்கள் தங்க விடுகிறோம். வெளிநாட்டுக்காரர்கள்தான் அதிகம். முன்பதிவு, கணக்கு, வருகிறவர்களிடம் ஆங்கிலப் பேச்சு எல்லாமே என் தம்பிதான். சின்ன வயதில் போலியோ வந்தவன். வீட்டுக்குள் ஊன்றுகோல், வெளியே போனால் வீல்சேர்.

வலைத்தளத்துக்கு நான்தான் அறிமுகம் எழுதினேன். தம்பியைப் பற்றி 'சஃபரிங் ஃப்ரம் போலியோ', 'வீல்சேர் பவுண்ட்', 'பட் ஆல்வேஸ் ஸ்மைலிங்' என்று போட்டிருந்தேன். பாசத்தில் எழுதியதுதான். போன வாரம் லண்டனிலிருந்து வந்து தங்கிய ஓர் அம்மா, கந்தரப்பத்தைப் பிட்டுக்கொண்டே, "அந்த பவுண்ட் மட்டும் வேண்டாமே" என்று மெல்லச் சொன்னார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. தம்பியிடம் கேட்டால், "இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா ஆச்சி?" என்று சொல்லிவிட்டுக் கணக்கு நோட்டில் குனிந்துகொள்கிறான்.

பள்ளிக்கூடத்தில் ஹேண்டிகேப்ட் என்றுதான் படித்தோம். அப்புறம் ஃபிசிகலி சாலஞ்ட், டிஃபரன்ட்லி ஏபிள்ட், ஸ்பெஷல் என்று என்னென்னவோ வந்துவிட்டது. எதை எழுதுவது?

புதுவயல்காரன்:

டிஃபரன்ட்லி ஏபிள்ட் என்று போடுங்கள் ஆச்சி. நம் மாற்றுத்திறனாளிக்கு அதுதான் சரியான ஆங்கிலம். ஹேண்டிகேப்ட் வேண்டவே வேண்டாம். தொப்பியை நீட்டிப் பிச்சை எடுத்ததிலிருந்து வந்த சொல்லாம்.

ரஸ்தா வாத்தியார் (தேவகோட்டை):

பிச்சைக் கதை யாரோ கட்டிவிட்டது தம்பி. பழைய இங்கிலாந்தில் தொப்பிக்குள் கைவிட்டு ஆடிய ஒரு பண்டமாற்று விளையாட்டின் பெயர் அது. அங்கிருந்து குதிரைப் பந்தயத்துக்குப் போய், மனிதர்கள்மேல் ஒட்டியது ரொம்பப் பின்னால். ஆனாலும் இன்று அந்தச் சொல் வேண்டாம் என்பது சரிதான்.

தங்கச்சி, நான் முப்பது வருஷம் ஆங்கிலம் நடத்தியவன். வலது காலில் காலிப்பர், காலைத் தாங்கும் உலோகப் பட்டை. என்னைப் பற்றி யாராவது 'சஃபரிங்' என்று எழுதினால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். காலோடு நான் அறுபது வருஷமாகச் சமாதானமாகத்தான் இருக்கிறேன். அவதிப்படுவதெல்லாம் காரைக்குடி பஸ்ஸின் முதல் படியில் ஏறும்போதுதான். 'பவுண்ட்' என்றால் கட்டிப்போட்டது என்று பொருள். வீல்சேர் இருப்பதால்தானே உங்கள் தம்பி வெளியே போகிறார்? அது இல்லாவிட்டால்தான் வீட்டோடு கட்டு. வீல்சேர் யூசர் என்றால் முடிந்தது. அப்புறம் அந்த 'ஆல்வேஸ் ஸ்மைலிங்': ஜிஎஸ்டி கட்டுகிற அன்றைக்குமா சிரிக்கிறார்?

டிஃபரன்ட்லி ஏபிள்ட், ஸ்பெஷல் நீட்ஸ் இரண்டையும் தவிர்க்கச் சொல்லி ஐ.நா.வே தன் மொழிக் குறிப்பில் சொல்கிறது. ஐ.நா.வின் 2006ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையிலும் நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருப்பது 'பர்சன்ஸ் வித் டிஸெபிலிட்டீஸ்'தான். ஊனமுற்றோர் என்ற சொல் குத்தியது, அதனால் மாற்றுத்திறனாளியைத் தமிழில் நாம் ஏற்றுக்கொண்டோம். அந்த வரலாறு தமிழோடு போகட்டும்.

ஆங்கிலத்துக்காரர்களும் ஒரே குரலில் பேசுவதில்லை. பிரிட்டனில் பலர் 'டிஸேபிள்ட் பீப்பிள்' என்பதையே விரும்புகிறார்கள். எங்களை முடக்குவது உங்கள் மாடிப்படி, எங்கள் உடம்பு இல்லை என்பது அவர்கள் வாதம். சைகை மொழி பேசுகிறவர்களில் பலருக்கு டெஃப் என்பதில் பெருமை. ஹியரிங் இம்பேர்ட் என்றால்தான் கோபம். ஆட்டிஸம் உள்ளவர்களில் நிறையப் பேர் 'ஆட்டிஸ்டிக்' என்றே சொல்லச் சொல்கிறார்கள்.

எந்தச் சொல்லும் நிரந்தரமாகச் சுத்தமாக இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பாஸ்டிக் என்பது ஒரு காலத்தில் தசை இறுக்கத்தைக் குறித்த மருத்துவச் சொல். பிரிட்டனில் ஒரு தொண்டு நிறுவனமே அந்தப் பெயரில் நடந்தது. பள்ளிப் பிள்ளைகள் அதைத் திட்டுவதற்கு எடுத்துக்கொண்டார்கள். 1994இல் நிறுவனம் ஸ்கோப் என்று பெயரை மாற்றிக்கொண்டது. 2024இல் நம் உச்ச நீதிமன்றமும் திரைப்படங்கள் சம்பந்தமான தீர்ப்பில் கிரிப்பிள், ஸ்பாஸ்டிக் இரண்டையும் இழிவான சொற்கள் என்று சொன்னது.

முதலில் ஒன்று கேட்கிறேன். தங்குகிறவருக்குத் தம்பியின் கால் எதற்கு? அவர்களில் ஒருவர் வீல்சேரில் வந்தால் உங்கள் வீட்டுக்குள் நுழைய முடியுமா? அதை எழுதியிருக்கிறீர்களா?

வளவுவீட்டு ஆச்சி:

அண்ணே, உங்கள் பதிலை அப்படியே தம்பியிடம் நீட்டினேன். படித்துவிட்டு, மடிக்கணினியை என் கையிலிருந்து வாங்கி, தன்னைப் பற்றிய பத்தியை மொத்தமாக அழித்தான். பெயருக்குப் பக்கத்தில் 'மேனேஜர்' என்று மட்டும் போட்டான்.

அப்புறம் அளவு நாடாவைக் கொண்டுவரச் சொன்னான். முகப்பில் ஆறு படி. வளவுக்குள், அதாவது உள்முற்றத்துக்குள், நுழையும் நிலைப்படி முக்கால் அடி உயரம். நானே புடவையைத் தூக்கிக்கொண்டுதான் தாண்டுவேன், ஆனால் இத்தனை வருஷத்தில் அளந்து பார்த்ததில்லை. பின் தெரு வாசலில் அவனுக்காகப் போட்ட பலகைச் சரிவு இருக்கிறது, அதையும் எழுதினான். அறைக் கதவு 36 அங்குலம், தாராளம். குளியலறைக் கதவுதான் 26. அவன் வீல்சேரே உள்ளே போகாது. ஊன்றுகோலோடு போய்வந்ததால் நான் கவனிக்கவே இல்லை.

கொத்தனாரை வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறோம். தேக்கு நிலையைச் சேதமில்லாமல் கழற்ற ஆள் தெரிந்தால் சொல்லுங்கள்.