நம்ம வீடு குழு: ஹிரோசே பற்றி ஞாயிற்றுக்கிழமை ஓடிய பேச்சு

பெரியப்பா: (பலமுறை பகிரப்பட்டது) ஜப்பான் கடற்படை அதிகாரி ஹிரோசே. ஜூடோ மாஸ்டர். எதிரிக் கப்பலில் ஏறி வெறுங்கையால் ஐந்து ரஷ்யச் சிப்பாய்களைத் தூக்கிக் கடலில் வீசினார். இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள். ஜெய் ஹிந்த் 🙏

செந்தில் மாமா: ஜப்பான்காரருக்கு எதுக்கு மச்சான் ஜெய் ஹிந்த்?

பெரியப்பா: வந்ததை அப்படியே அனுப்பினேன் மாப்பிள்ளை. வீரம் யார் காட்டினாலும் வீரம்தான்.

யாழினி: தாத்தா, யார் இவர்? எங்க ஜூடோ மாஸ்டர் சொன்னதே இல்லையே.

கவின்: பெரியப்பா, ஆள் நிஜம். முழுப் பெயர் ஹிரோசே தகேயோ. ஐந்து பேரை வீழ்த்தியதும் நிஜம்தான். ஆனால் அந்த ஐந்து பேரும் ஜப்பானியர்கள். விழுந்தது கடலில் இல்லை, கோடோகான் என்ற ஜூடோ பள்ளியின் பாயில்.

செந்தில் மாமா: 😂😂

நித்யா அக்கா: கவின் டோக்கியோவில் உட்கார்ந்துகொண்டு அப்பாவின் மெசேஜை எல்லாம் சரிபார்க்கிறான்.

யாழினி: கவின் மாமா, கோஹாகு போட்டியா? சிவப்பு அணி, வெள்ளை அணி?

கவின்: அதேதான். ஜெயித்தவர் பாயை விட்டு இறங்கக் கூடாது, அடுத்த ஆள் வருவார். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ கோடோகானைத் தொடங்கியது 1882இல், டோக்கியோவில் எய்ஷோஜி என்ற கோயிலில். மொத்த இடமே 12 பாய் விரிக்கும் அளவுதான். ஹிரோசே பிறந்தது 1868, கியூஷூவில் தகேதா என்ற ஊர். கடற்படைப் பள்ளியில் சேர டோக்கியோ வந்த பையன், அப்படியே கோடோகானிலும் சேர்ந்துகொண்டார். ஜூடோவுக்கே அப்போது பத்து வயது ஆகவில்லை.

சரோஜா அத்தை: அஞ்சு பேரை ஒரே மூச்சிலா? பொய் சொல்றாங்க.

யாழினி: முடியும் அத்தைப் பாட்டி. ஆனா ரொம்பக் கஷ்டம். மூணாவது ஆள் வரும்போதே முன்கை கல்லு மாதிரி இறுகிடும். எதிராளியோட காலரைப் பிடிச்சா விரல் மூடாது. சும்மா கையை வெச்ச மாதிரிதான் இருக்கும். அதுக்கு மேல பலத்தால தூக்க முடியாது, அவங்க காலை எடுத்து வைக்கிற நேரம் பார்த்துத்தான் போடணும்.

பெரியப்பா: என் பேத்தி 👏👏 என்ன டான் அவர்?

கவின்: நான்காம் டான், அதாவது கறுப்புப் பட்டையில் நான்காவது படி. இறந்த பிறகு ஆறாம் டான் கொடுத்தார்கள்.

பெரியப்பா: சண்டையில் இறந்தாரா? அதைச் சொல்லு முதலில்.

கவின்: வருகிறேன். அதற்கு முன்னால் ரஷ்யா இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் கதை பாதிதான். 1889இல் கடற்படைப் பள்ளி முடித்தார். படிப்பில் ஒன்றும் முதலிடம் இல்லை, நடுவுக்கும் கீழே. ஆனால் 1897இல் ரஷ்யாவைப் படித்து வர அனுப்பினார்கள். பீட்டர்ஸ்பர்க்கில் தங்கி ரஷ்ய மொழி கற்றார். புஷ்கின் கவிதை ஒன்றைச் சீன மொழிச் செய்யுளாக மாற்றும் அளவுக்கு ஊறிவிட்டார். அங்கே ஒரு கடற்படை அதிகாரியின் வீட்டுக்குப் போக வர இருந்திருக்கிறார். அவர் மகள் அரியாத்னா.

சரோஜா அத்தை: ம்ம்ம். சொல்லு சொல்லு.

நித்யா அக்கா: அத்தை இப்போதுதான் கண்ணாடியைப் போட்டார்கள்.

கவின்: இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. ஊருக்குத் திரும்பச் சொல்லி உத்தரவு. 1902இல் சைபீரியா வழியாக, குளிர்காலத்தில், நீண்ட தூரம் பனிச்சறுக்கு வண்டியில் வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. இரண்டே வருடத்தில் அதே ரஷ்யாவோடு போர்.

சரோஜா அத்தை: பாவம்டா அந்தப் பொண்ணு.

பெரியப்பா: உத்தரவு என்றால் உத்தரவுதான் சரோஜா. சரி, போர்?

கவின்: 1904 பிப்ரவரியில் தொடங்கியது. ரஷ்யக் கப்பல்கள் போர்ட் ஆர்தர் துறைமுகத்துக்குள் இருந்தன, இப்போது சீனாவின் லூஷுன். வாய் குறுகலான துறைமுகம். பழைய சரக்குக் கப்பல்களில் கல்லும் சிமென்டும் ஏற்றி, அந்த வாயிலேயே மூழ்கடித்து அடைப்பது ஜப்பானியர்களின் திட்டம். முதல் முயற்சியிலும் ஹிரோசே ஒரு கப்பலுக்குத் தலைமை. அது பலிக்கவில்லை. மார்ச் 27 அதிகாலை இரண்டாவது முயற்சி, நான்கு கப்பல்கள். இவருடையது ஃபுகுய் மாரு.

கவின்: கரையிலிருந்து தேடுவிளக்கு, பீரங்கி. கப்பல் டார்பிடோ பட்டு மூழ்கத் தொடங்கிவிட்டது. எல்லாரும் படகில் இறங்கியாயிற்று. அவர் குழுவில் இருந்த சுகினோ மாகோஷிச்சியை மட்டும் காணோம். வெடிவைக்கக் கீழே போனவர். ஹிரோசே மூழ்கும் கப்பலில் மூன்று முறை தேடினார். தண்ணீர் ஏறிய பிறகுதான் படகுக்கு வந்தார். படகு விலகிப் போகும்போது குண்டு நேராக அவர்மேல் பட்டது. வயது 35.

பெரியப்பா: தலை எண்ணாமல் எந்த அதிகாரியும் கிளம்ப மாட்டான். நாங்கள் லாரியில் ஏறினால்கூட இரண்டு தரம் எண்ணுவோம். ஒருத்தர் குறைந்தால் வண்டி நகராது.

செந்தில் மாமா: சரி மச்சான், ஆனால் படகில் உட்கார்ந்திருந்த மற்றவர்கள்? வெளிச்சத்தில், குண்டு மழையில், இவருக்காகக் காத்திருக்கிறார்கள். ஒருவருக்காக அத்தனை பேரையும் பணயம் வைக்கலாமா?

பெரியப்பா: ஒரு தரம் தேடுவது கடமை. இரண்டாவதும் கடமை. மூன்றாவது தரம்… அங்கே நின்றவனுக்குத்தான் தெரியும். ஊஞ்சலில் உட்கார்ந்து நாம் சொல்லக் கூடாது.

செந்தில் மாமா: நான் ஊஞ்சலில் இல்லை, ரேஷன் கடை வரிசையில் இருக்கிறேன்.

யாழினி: அப்போ துறைமுகத்தை அடைச்சாங்களா இல்லையா?

கவின்: இல்லை. மே மாதம் மூன்றாவது முறையும் போனார்கள், அதுவும் தோல்வி. ஆனால் ஊரில் பத்திரிகைகள் இவரைப் போர்க்கடவுள் ஆக்கிவிட்டன. 1910இல் டோக்கியோ மன்செய்பாஷியில் இவருக்கும் சுகினோவுக்கும் சேர்த்துச் சிலை. அப்புறம் சொந்த ஊரில் ஒரு கோயிலே கட்டினார்கள். கடற்படைக்கு வெற்றியைவிட இந்தக் கதை உதவியது என்பது என் கருத்து. எதிர்ப்புக் குரலும் இருந்தது. நாவலாசிரியர் நத்சுமே சோசெகி அதே 1910இல், இவர் கடைசியாக எழுதிய கவிதை மோசம் என்றே எழுதினார். போர்க்கடவுளின் கவிதையை அன்றைக்கு அப்படிச் சொல்லத் துணிச்சல் வேண்டும்.

நித்யா அக்கா: சிலையை நீ பார்த்தாயா?

கவின்: 1947இல் எடுத்துவிட்டார்கள் அக்கா, இரண்டாம் உலகப் போரில் தோற்ற பிறகு. நான் ரயிலில் அந்த வழியாகத்தான் போகிறேன். பழைய மன்செய்பாஷி ரயில் நிலையத்தின் சிவப்புச் செங்கல் வளைவுகள் அப்படியே இருக்கின்றன, உள்ளே கடைகள். சிலை நின்ற அடையாளமே இல்லை.

சரோஜா அத்தை: உடம்பாவது கிடைச்சுதா?

கவின்: சில நாள் கழித்துக் கரையோரம் ஒதுங்கியது அத்தை. ரஷ்யர்களே ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

பெரியப்பா: அதுதான் ராணுவம் 🙏 இதையெல்லாம் விட்டுவிட்டு எவனோ ஐந்து பேரைக் கடலில் வீசினார் என்று எழுதியிருக்கிறான் பார்.

சரோஜா அத்தை: அந்தச் சுகினோ? அவர் குடும்பம் என்ன ஆச்சு? எல்லாரும் தேடப் போனவரையே பேசுறீங்க.

கவின்: நல்ல கேள்வி அத்தை. அவர் கிடைக்கவே இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், சுகினோ மஞ்சூரியாவில் உயிரோடு இருக்கிறார் என்று ஜப்பானில் ஒரு வதந்தி ஓடியது. பத்திரிகையிலும் வந்தது. மூத்த மகன் ஷுயிச்சி கடற்படையில் சேர்ந்து கேப்டன் ஆனார். 1945இல் நாகாட்டோ போர்க்கப்பலின் கடைசிக் கேப்டன் அவர்தான். அமெரிக்கர்கள் வந்து கப்பலை எடுத்துக்கொண்டபோது பொறுப்பில் இருந்தவர். மறுவருடம் பிகினி தீவில் அணுகுண்டுச் சோதனைக்கு அந்தக் கப்பலை நிறுத்தி மூழ்கடித்தார்கள்.

பெரியப்பா: நாகாட்டோவா? ஜப்பான் கடற்படைத் தளபதி யமமோட்டோவின் கப்பல் அல்லவா அது! கவின், ராத்திரி போன் போட்டு இதை முழுசாகச் சொல்லு. இவ்வளவு சின்ன எழுத்தில் என்னால் படிக்க முடியாது.