மறுமொழி: டிபிஐ, பிபிஐ – 'துளி'யை விட்டுவிட்டுப் 'பொட்டு' என்போம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கணினிச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பட்டியலில் இரண்டு சொற்கள் இழுபறியில் இருக்கின்றன. டிபிஐ (dots per inch) என்பது ஓர் அங்குலத்தில் அச்சுப்பொறி எத்தனை இடங்களில் குறி வைக்கும் என்ற கணக்கு. பிபிஐ (pixels per inch) என்பது ஓர் அங்குலத்தில் படத்தின் எத்தனை பிக்சல்கள், அதாவது படத்தின் ஆகச் சிறிய கூறுகள், வருகின்றன என்ற கணக்கு. டிபிஐ என்பதற்குத் 'துளி நெருக்கம்' என்று இரண்டு வாரத்துக்கு முன் நான் முன்வைத்த சொல்லை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஈரோட்டு நண்பர் கேட்ட கேள்வி அதன் அடியையே ஆட்டிவிட்டது. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன், இந்த இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக விவாதம் தொடங்கிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஏற்காட்டில் இருக்கும் என் அக்காள் கணவர் காப்பித் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கேமராவைக் கையில் எடுத்தார். பறவைகள், காப்பிப் பூ, ஏரிமேல் இறங்கும் பனி என்று எடுத்துத் தள்ளினார். படங்களை வீட்டிலேயே திருத்தி அச்சிட வேண்டும் என்று ஆசைப்பட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வந்து, என்னையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார். கணினி அரை மணி நேரத்தில் முடிந்தது. 16 ஜிபி நினைவகம், எஸ்எஸ்டி வட்டு, படங்களுக்கு நகல் வைக்க வெளியே ஒரு வட்டு. மிச்சப் பணத்தைத் திரையில் போடச் சொன்னேன். பக்கவாட்டில் நின்று பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் திரையாக வாங்கினோம். அச்சுப்பொறியில்தான் சிக்கல்.

ஒரு பெட்டியில் 4800 × 1200 டிபிஐ என்றிருந்தது. பக்கத்துப் பெட்டியில் 5760 × 1440. "இதில் புள்ளி அதிகம், படம் கூடுதல் தெளிவாக வரும்" என்றார் விற்பனையாளர். மாமா என் பக்கம் திரும்பினார்.

"ஏன் மாப்பிள்ளை, அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால் படத்துக்குப் போதும் என்று நீதானே சொன்னாய்? 300 போதும் என்றால் இவர்கள் எதற்கு 5760 தருகிறார்கள்? 5760 வேண்டும் என்றால் என் கேமரா உதவாது போலிருக்கிறதே?"

அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. இரண்டையும் 'புள்ளி' என்றே சொல்லிக் கொடுத்தவன் நான். நம் வரைவுப் பட்டியலிலும் டிபிஐ, பிபிஐ இரண்டுக்கும் எதிரே 'அங்குலத்துக்குப் புள்ளிகள்' என்றுதான் இருக்கிறது. வெவ்வேறான இரண்டு பொருள்களுக்கு ஒரே பெயரை வைத்துவிட்டு, படிப்பவருக்குக் குழப்பம் வருகிறதே என்று நாம் வருந்துவதில் நியாயமில்லை.

அன்று இரவு அப்பாவின் இழை எண்ணும் கண்ணாடியைத் தேடி எடுத்தேன். அம்மாபேட்டையில் தறி வைத்திருந்தவர் அவர். மடக்கும் பித்தளைச் சட்டம், அடியில் ஓர் அங்குலச் சதுரமாகத் திறப்பு, மேலே வில்லை. துணிமேல் வைத்து, ஊசிமுனையால் தள்ளித் தள்ளி, அங்குலத்துக்கு எத்தனை பாவு, எத்தனை ஊடை என்று எண்ணுவார். அதை மாமா கொடுத்திருந்த ஓர் அச்சுப்படத்தின் மேல் வைத்தேன். வெறுங்கண்ணுக்கு மரக்கிளை ஒரே சீரான வெளிர்பழுப்பு. கண்ணாடிக்குள் பழுப்பு என்ற நிறமே இல்லை. மஞ்சள், செந்நீலம், பசுநீலம், அங்கங்கே கறுப்பு. நடுநடுவே தாளின் வெள்ளை. மூலையிலிருந்த வானத்துக்கு நகர்த்தினால் பசுநீலப் பொட்டுகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நின்றன.

விஷயம் இவ்வளவுதான். படத்தில் உள்ள ஒவ்வொரு அணுவும், அதாவது பிக்சலும், லட்சக்கணக்கான நிறங்களில் எதை வேண்டுமானாலும் ஏற்கும். அச்சுப்பொறியிடம் இருப்பதோ நான்கு மைகள், கூடிப்போனால் பத்துப் பன்னிரண்டு. ஓரிடத்தில் மையை வைக்கலாம், வைக்காமல் விடலாம். சில பொறிகள் சிறிதாகவும் பெரிதாகவும் வைக்கும். ஆகவே ஒரு நிறத்தைக் காட்டப் பல இடங்கள் தேவைப்படுகின்றன. 4800-ஐ 300-ஆல் வகுத்தால் 16, 1200-ஐ 300-ஆல் வகுத்தால் 4. படத்தின் ஒரே ஓர் அணுவுக்குரிய பரப்பில் மை வைக்க 64 இடங்கள். மாமாவின் 300-ம் பெட்டியின் 4800-ம் போட்டி போடுபவை அல்ல. முன்னதை வரைந்து காட்டுவதற்குத்தான் பின்னது.

இதைப் பார்த்துத்தான் 'துளி' என்றேன். ஈரோட்டு நண்பர் எழுதியது:

> லேசர் அச்சுப்பொறிக்கும் டிபிஐ உண்டு. அங்கே இருப்பது பொடி. துளி எங்கிருந்து வரும்?

மதுரை அம்மையார் இன்னும் கூர்மையாகக் கேட்டார்:

> ஒரே இடத்தில் இரண்டு துளி விழுந்தால் கணக்கில் ஒன்றா, இரண்டா?

இரண்டு கேள்வியும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன. டிபிஐ என்பது தாளில் குறி வைக்கும் இடங்களின் கணக்கு. பறந்து வரும் மையின் கணக்கு வேறு, அதை அளப்பது பிக்கோலிட்டரில். லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. 1.5 பிக்கோலிட்டர் துளி காற்றில் இருக்கும்போதே சுமார் 14 மைக்ரோமீட்டர் விட்டம் கொண்டது. தாளில் விழுந்ததும் இன்னும் பரவும். ஆனால் ஓர் அங்குலத்தை 5760 ஆகப் பங்கிட்டால் ஒரு பங்கு 4.4 மைக்ரோமீட்டர்தான். அடுத்தடுத்த இடங்களில் வைத்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் உட்காரும். 4800-க்கும் 5760-க்கும் உள்ள வேறுபாட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்று மாமாவிடம் சொன்னதற்கும் இதுவே காரணம். அந்தப் பணத்துக்கு நல்ல தாள் வாங்கலாம்.

ஆகவே காற்றில் இருப்பது துளி, தாளில் பதிந்தது பொட்டு. இரண்டு சொல்லும் நமக்குத் தேவை. இரண்டும் நம்மிடமே இருக்கின்றன. பொட்டு மையாலும் ஆகும், பொடியாலும் ஆகும். குங்குமப் பொட்டு பொடிதானே? குழந்தையின் கன்னத்தில் வைப்பதை மைப்பொட்டு என்கிறோமே, அச்சுப்பொறி தாளில் வைப்பதற்கும் அந்தச் சொல் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. வினையும் தயாராக இருக்கிறது: அச்சுமுனை பொட்டு வைக்கிறது.

'பொட்டு' வீட்டுப் பேச்சாக இருக்கிறது, கலைச்சொல்லுக்குரிய கம்பீரம் இல்லை என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். ஐயா, மதிப்போடு மறுக்கிறேன். வலை, சுட்டி எல்லாம் எந்த ஏட்டிலிருந்து வந்தவை? மீனவரிடமும் வீட்டுப் பேச்சிலும் இருந்த சொற்கள் கணினிக்கு வந்து நிலைத்துவிட்டன. ஒருமுறை கேட்டதும் கண்முன் உருவம் வருகிற சொல்லைத் தள்ளிவிட்டு, அகராதியைப் பிரித்தால்தான் புரிகிற சொல்லைத் தேடிப் போவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

பிக்சலுக்குப் 'படப்புள்ளி', 'படவணு' இரண்டும் புழக்கத்தில் உள்ளன. நான் படவணுவின் பக்கம். படப்புள்ளியில் குறையில்லை, ஆனால் பொட்டும் புள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் பழைய குழப்பம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

அடுத்தது 'நெருக்கம்'. அடர்த்தி, செறிவு என்று இருவர் முன்மொழிந்தார்கள். மை எவ்வளவு கருமையாகப் பதிந்திருக்கிறது என்பதற்கு அச்சுத்தொழிலில் அடர்த்தி வேண்டும். நிறத்தின் அழுத்தத்தை நிறச்செறிவு என்று படத்திருத்த மென்பொருள் பற்றி எழுதுவோர் ஏற்கெனவே எழுதிவருகிறார்கள். இரண்டும் வேலையில் இருக்கும் சொற்கள், அவற்றின்மேல் இன்னொரு சுமை ஏற்றக் கூடாது. நெருக்கம் என்றால் காதல் கதை மாதிரி இருக்கிறது என்பவர்கள், மக்கள் நெருக்கம் என்று நாம் எழுதுவதை நினைத்துக்கொள்ள வேண்டும். அப்பா துணியைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சொல்லும் தீர்ப்பே 'நெருக்கம் போதாது' என்பதுதான்.

இந்தச் சொல் வந்ததும் இன்னொரு பழைய மயக்கமும் தீர்ந்ததைச் சொல்லியாக வேண்டும். என் மகளின் வளைகாப்புப் படங்களை அச்சிடக் கொண்டுபோனபோது, "இது 72 டிபிஐதான், அச்சிட்டால் உடைந்துவிடும், 300 ஆக்கித் தருகிறோம்" என்று ஒரு கடையில் தனிக் கட்டணம் வாங்கினார்கள். எனக்கும் அன்று தெரியவில்லை, கொடுத்துவிட்டேன். பூச்சரத்தை நினைத்துப் பாருங்கள். நூறு பூவை ஒரு முழத்துக்குள் நெருக்கித் தொடுக்கலாம், இரண்டு முழத்துக்குத் தள்ளித் தள்ளியும் தொடுக்கலாம். பூ அதே நூறுதான். 6000 படவணு அகலமுள்ள படத்தை 20 அங்குலத்தில் அச்சிட்டால் நெருக்கம் 300. 83 அங்குலத்துக்கு, ஏறக்குறைய 7 அடிக்கு, விரித்தால் 72. கோப்பில் எழுதியிருக்கும் 72 ஒரு குறிப்பு மட்டுமே. அதை மாற்றினால் படத்தில் ஒரு படவணுகூடக் கூடாது, குறையாது. இதை முன்பு மாமாவுக்கு விளக்க முயன்று இரண்டு முறை தோற்றேன். 'நெருக்கம்' என்று சொன்னதும், "அப்படியானால் அளவைச் சொல்லாமல் நெருக்கத்தைச் சொன்னால் பொருளே இல்லை" என்று அவரே முடித்துவிட்டார்.

சொற்கள் ஓடுகின்றனவா என்று பார்க்க, அவருக்கு எழுதிக் கொடுத்த குறிப்பை இங்கே தருகிறேன்:

"6 × 4 அங்குலப் படத்துக்குப் படவணு நெருக்கம் 300 வேண்டும், 1800 × 1200 படவணு இருந்தால் போதும். 12 × 8 அங்குலத்துக்கு 3600 × 2400. உங்கள் கேமராவில் 6000 × 4000 இருக்கிறது, கவலை வேண்டாம். அச்சுப்பொறியின் பொட்டு நெருக்கம் 4800 என்றாலே நிறம் இழைந்து வரும். அதற்குமேல் பெட்டியில் உள்ள எண்ணைப் பார்க்காமல், துளியின் அளவு, மையின் வகை, தாளின் விலை ஆகியவற்றைப் பாருங்கள். சாய மை பளபளப்புத் தாளில் எடுப்பாக இருக்கும். நிறமி மை வெளிச்சத்தில் வெளிறாமல் அதிக நாள் நிற்கும். வாரம் ஒரு படமாவது அச்சிடுங்கள், இல்லையென்றால் முனையில் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும். மலையில் ஈரம் அதிகம், தாளை உறையைவிட்டு எடுத்து வெளியே வைக்காதீர்கள்."

சாயம், நிறமி இரண்டுக்கும் புதுச்சொல் தேட வேண்டிய வேலையே இல்லாமல் போனது. சேலத்தில் சாயம் தெரியாதவர் யார்?

பட்டியலில் பிபிஐ என்பதற்கு எதிரே 'படவணு நெருக்கம்', டிபிஐ என்பதற்கு எதிரே 'பொட்டு நெருக்கம்' என்று மாற்றும்படி தொகுப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. ஒரு படவணுவின் நிறத்தைக் காட்டுவதற்காகப் பல பொட்டுகளைக் கலைத்துப் பரப்பி வைக்கும் அந்தச் செயலுக்கு, டிதரிங் என்பதற்கு, நம்மிடம் சொல் இல்லை. 'பொட்டுத் தூவல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். தூவல் என்றால் கைபோன போக்கில் வீசுவது போலத் தோன்றுகிறது. அச்சுப்பொறியோ கணக்குப் போட்டு வைக்கிறது. கோலம் போடும்போது விரலிடுக்கில் மாவை அளந்து விடுவார்களே, அதற்கு உங்கள் ஊரில் தனிச்சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
சேலத்திலிருந்து