600 கிலோமீற்றர் ஆழத்தில் கல் எப்படி உடையும்?

கொட்டகலை டீச்சர்:
உயர்தரப் பிள்ளைகளுக்குப் புவியியல் டியூஷன் எடுக்கிறேன். ஒன்றின் கீழ் ஒன்று அமிழும் புவித்தட்டுகளில் 600 கிலோமீற்றர் ஆழத்திலும் நிலநடுக்கம் வருவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் எழும்பினான்: "கீழே போகப் போகச் சூடும் அழுத்தமும் கூடுதே டீச்சர், கல்லு குழைஞ்சுதானே போகும், உடையுமா?" நோட்ஸில் "கனிமங்கள் நீரை இழப்பதால்" என்று ஒரே வரிதான். அந்த ஆழத்துக்குத் தண்ணீர் எப்படிப் போனது? 2020இல் கண்டிக்கு அருகே திகனப் பக்கம் நிலம் ஆடியதும் இதனால்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

கருங்கல்:
பையன் கெட்டிக்காரன். பேராதனையில் நிலவியல் படித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தண்ணீர் என்றதும் வாட்டுத் தட்டில் கிடக்கிற தேயிலைக் கொழுந்தின் ஈரத்தை நினைக்காதீர்கள். இது கனிமத்தின் கட்டமைப்புக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிற நீர். கடலடித் தட்டு, அமிழத் தொடங்கும் ஆழ்கடல் அகழிக்கு வந்து வளையும்போது அதன் முதுகு பிளக்கும். அந்தப் பிளவுகளில் இறங்கும் கடல்நீர் ஒலிவின் என்ற கனிமத்தோடு சேர்ந்து செர்பன்டைன் என்ற புதுக் கனிமம் உண்டாகிறது. அதன் எடையில் ஏறக்குறைய 13 சதவீதம் நீர். பார்க்க ஆசையென்றால் ஹம்பாந்தோட்டைப் பக்கம் உஸ்ஸங்கொடவுக்குப் போங்கள், அந்தச் சிவப்பு மண்ணுக்கு அடியில் இருப்பது செர்பன்டைன் பாறைதான்.

தட்டு அமிழ்ந்து 600, 700 பாகை செல்சியஸ் வரை சூடேறினால் செர்பன்டைன் தாங்காது, நீரை விட்டுவிடும். அந்த நீருக்குச் சட்டென்று வெளியேற வழியில்லை. மேலேயுள்ள பாரம் பழைய பிளவின் இரு பக்கத்தையும் இறுக்க, நீர் உள்ளிருந்து எதிர்த்துத் தள்ளும். இறுக்கம் தளர்ந்தால் உராய்வும் விழும், பிளவு வழுக்கும். 1965இல் ராலி, பாற்றர்சன் இருவரும் செர்பன்டைனை அழுத்திச் சூடாக்கி, குழைய வேண்டிய கல் நொறுங்குவதைக் காட்டினார்கள். வடகிழக்கு ஜப்பானுக்குக் கீழே நடுக்கங்கள் இரண்டு அடுக்காக விழுகின்றன, இடையில் 30–40 கிலோமீற்றர். கீழடுக்கு விழும் இடமும் செர்பன்டைன் நீரை விடும் வெப்பநிலையும் நன்றாகவே ஒத்துப்போகின்றன.

ஆனால் உங்கள் 600 கிலோமீற்றருக்கு இதே வரியை எழுத வேண்டாம். 70 முதல் 300 வரைதான் நீர் நல்ல விளக்கம். நடுக்கங்களின் எண்ணிக்கை 300 வரை குறைந்துகொண்டே போய், 500ஐத் தாண்டி மறுபடி கூடி, 700 அளவில் நின்றுவிடும். அந்த ஆழத்தில் ஒலிவினைத்தான் சந்தேகிக்கிறார்கள். 410 கிலோமீற்றர் ஆழத்தில் அடர்ந்த வடிவத்துக்கு மாற வேண்டியது, தட்டின் நடுப்பகுதி குளிர்ந்திருப்பதால் மாறாமலே கீழே போய், பிறகு மெல்லிய பட்டைகளாகத் திடீரென மாறி வழுக்குகிறது என்கிறார்கள். 1994இல் பொலிவியாவுக்குக் கீழே 630 கிலோமீற்றர் ஆழத்தில் வந்த 8.2 அளவு நடுக்கம் அவ்வளவு பெரியதாக எப்படி வந்தது என்று இன்னும் சண்டை போடுகிறார்கள்.

தெமோதரை வளைவு:
கருங்கல் அண்ணே, நீரின் கதையிலும் ஒரு முடிச்சு இருக்கே. ஏறக்குறைய 70 கிலோமீற்றருக்குக் கீழே உள்ள அழுத்தத்தில், பிரிந்த நீரையும் மிஞ்சிய கனிமங்களையும் சேர்த்தால் மொத்தக் கனவளவு முன்பிருந்ததை விடக் குறைகிறது. அப்படியென்றால் நீர் எங்கே எதிர்த்துத் தள்ளுவது? சில ஆய்வுகூடச் சோதனைகளில் செர்பன்டைன் சத்தமே இல்லாமல் நழுவியிருக்கிறது.

கருங்கல்:
நியாயமான பேச்சு. அதனால்தான் 2017இல் வேறொரு விளக்கம் வந்தது: செர்பன்டைன் கொஞ்சமாக, 5 சதவீதம் அளவில் இருந்தால் போதும், அது நீரை விட்டுத் தளரும்போது சுமை பக்கத்து ஒலிவின் மேல் விழுந்து, உடைவது ஒலிவின்தான். எனக்கு இதுதான் மனசுக்குப் படுகிறது.

டீச்சர், திகன வேறு. அவை அளவு 2ஐ ஒட்டிய, மேலோட்டமான நடுக்கங்கள். நமக்குக் கீழே அமிழும் தட்டே கிடையாது. பக்கத்திலுள்ள அகழி சுமாத்ராவுக்கு அப்பால். போதாததற்கு நம் மலையின் சார்னோக்கைட் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, நிலத்தடியில் வெந்தபோது நீரை இழந்துவிட்ட கல். ரோட்டுக்கு உடைத்துப் போட்டிருக்கும் புதுக் கல்லை எடுத்துப் பாருங்கள், எண்ணெய் பூசியது போன்ற கரும்பச்சை நிறம். சில கற்களில் சிவப்புக் கார்னெட் மணிகளும் இருக்கும். பையனுக்கு ஒன்றைக் கையில் கொடுங்கள்.