மழைக்கு நனைஞ்ச நெல்லும் மூலக்கூறில பூட்டின வெயிலும்

முறிகண்டியான்:
காலபோக வெட்டு நேரம் மழை பிடிச்சால் படங்கில கிடக்கிற நெல் முளைக்கும். அப்ப நெல்லைக் காயவைக்கிற சூட்டுக்கு, வெயிலை முன்கூட்டியே மூலக்கூறில பூட்டி வைக்கலாம். நோர்போர்னடையீன் வகைத் திரவத்தில ஊதாக்கடந்த ஒளி பட்டால் குவாட்ரிசைக்கிலேன் எண்ட, சக்தி பூட்டின வடிவமாய் மாறும். அதை ஊக்கிக்கு (மாற்றத்தை விரைவாக்கிற பொருளுக்கு) மேலால ஓடவிட்டால் சூட்டைக் கக்கிப் பழையபடி திரும்பும். சுவீடனில சால்மர்ஸ் பல்கலைக்கழகக் குழு 2018இல காட்டினதுகளில ஒண்டுக்கு அரைவாழ்வு, அதாவது பாதி தானாய்த் திரும்பிற காலம், 18 வருசம்; வேறொண்டு திரும்பேக்க 63 பாகை ஏறிச்சு. அரைவாழ்வு கூடினதெண்டால் ஆவணி வெயிலை மாசியில எடுக்கலாம்.

பாலைமரம்:
கணக்கைப் பாருங்கோ அண்ணை. 100 கிலோ நெல் 20 வீத ஈரத்தில இருந்து 14க்கு இறங்க 7 கிலோ தண்ணி போகோணும். அதை ஆவியாக்க மட்டும் 17 மெகா யூல். உங்கட மூலக்கூறு கிலோவுக்கு 0.4 மெகா யூல் தான் தரும். 42 கிலோ வேணும், அதைக் கரைக்கிற கரைப்பான் வேற. அடுப்பில பாதி வீணாய்ப் போனாலும் 3 கிலோ உமி காணும்.

முறிகண்டியான்:
உமியோட ஏன் பொருத்துறீங்கள்? சுடுதண்ணித் தாங்கியோட பாருங்கோ. 50 பாகை ஏத்தின தண்ணி கிலோவுக்கு 0.21 தான் வைச்சிருக்கும். அதுவும் ரெண்டு மூண்டு நாளில ஆறிப்போகும்.

கனகராயன்:
வெயிலைப் பிடிக்கிற சேகரிப்பானை ரெண்டுபேரும் மறந்திட்டியள். 2017இல அதே குழு வெயிலில தண்ணி சூடாக்கிறதோட சேர்த்துச் செய்த கருவியில விழுந்த வெயிலில 1.1 வீதம்தான் மூலக்கூறில தங்கிச்சு. நல்ல வெயில் நாளில சதுர மீற்றருக்கு 18 மெகா யூல் எண்டால் தங்கிறது 0.2. அந்த 17 மெகா யூலை ஒரு நாளில எடுக்க 85 சதுர மீற்றர் வேணும்.

முறிகண்டியான்:
ஒரே நாளில எடுத்தால்தானே! 1 சதுர மீற்றரை 85 நாள் விடுங்கோ. ஆறாத சரக்குக்கு என்ன அவசரம்?

கனகராயன்:
அது ஞாயம். ஆனால் நெல் காயவைக்கிற காய்ப்பான் கூரைக்குப் போடுற பொலிகாபனேற்றுப் பிளாஸ்ரிக் சீற்றைச் சேகரிப்பானுக்குப் போட்டிடாதேங்கோ. ஏறக்குறைய 380 நானோமீற்றருக்குக் கீழ எல்லாத்தையும் மறிச்சுப்போடும், மூலக்கூறு விழுங்கிறது பெரும்பாலும் அந்தத் துண்டைத்தான். போரோசிலிக்கேற்றுக் கண்ணாடிக் குழாய் வேணும். கரைப்பான் தொலுயீன் எண்டால் சாதாரண ரப்பர் வளையம் ஊதிக் கசியும், தெப்லோன் போடோணும். நிரப்ப முதல் நைதரசன் குமிழி விட்டு ஒட்சிசனை வெளியேத்தோணும். பெரிய பயம் ஊக்கிதான். கோபாற்று ஊக்கி பிடிச்ச கரித்துகள் கழண்டு சேமிப்புத் தாங்கிக்குள்ள போனால், மாதக்கணக்காய்ச் சேர்த்த சூடு அங்கயே அவிழும். தொலுயீன் எரியிற சாமான் வேற. ஊக்கிக்குப் பிறகு நுண்வடி இல்லாமல் ஓடவிடவே கூடாது.

பாலைமரம்:
விதைநெல்லுக்கு எண்டால் யோசிக்கலாம். 43 பாகை தாண்டினால் முளைதிறன் குறையும், உமியடுப்பில அந்த அளவு நிக்காது. 10 கிலோ விதைக்கு 1.7 மெகா யூல், 4 கிலோவுக்குக் கொஞ்சம் மேல மூலக்கூறு. சூடு வெப்பமாற்றிக்குள்ளால மட்டும் காத்துக்குப் போகோணும், தொலுயீன் ஆவி நெல்லில படவே கூடாது. அந்த மூலக்கூறை 4 கிலோ ஆர் செய்து தாறது அண்ணை?