பிஹெச்பிமைஅட்மினின் முகவரியை மாற்றினால் மட்டும் போதுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். உபுண்டு சர்வர் ஒன்றில் அப்பாச்சி (வலைச் சர்வர்), மைஎஸ்கியூஎல் (தரவுத்தளம்) ஆகியவற்றுடன், அந்தத் தரவுத்தளத்தை உலாவி வழியாக நிர்வகிக்க உதவும் பிஹெச்பிமைஅட்மினையும் ஏப்ட் என்ற நிறுவல் கருவி வழியாக நிறுவினேன். மறுநாள் அப்பாச்சியின் அணுகல் பதிவைத் திறந்து பார்த்தபோது, முன்பின் அறியாத ஐபி முகவரிகளிலிருந்து யாரோ 'பிஎம்ஏ', 'மைஎஸ்கியூஎல்அட்மின்', 'பிஹெச்பிமைஅட்மின்' என்று ஒவ்வொரு பாதையாகத் தட்டிப் பார்த்திருப்பது தெரிந்தது. முதல் இரண்டுக்கும் 404 (பக்கம் இல்லை) என்ற பதில் போயிருக்க, மூன்றாவதற்கு மட்டும் 200 (பக்கம் திறந்தது) போயிருந்தது. உடனே ஏலியஸ் பெயரை, அதாவது முகவரியில் வரும் பாதைப் பெயரை, மாற்றிவிட்டேன். இது போதுமா? மேலும், ரூட் (முழு உரிமை கொண்ட) பயனராக உள்நுழைய முயன்றால், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் அனுமதி மறுக்கப்படுகிறது. அதை எவ்வாறு சரிசெய்வது?

மறுமொழி 1

பெயர் மாற்றத்தால் பதிவுக்கோப்பில் இரைச்சல் குறையும், அவ்வளவுதான்; பெயரைத் தெரிந்துகொண்டவருக்கு உள்நுழைவுப் பக்கம் அப்போதும் திறக்கும். அந்தப் பக்கம் இணையத்தில் தெரிய வேண்டிய தேவை உண்டா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நீங்கள் ஒருவர் மட்டுமே பயன்படுத்துவதாக இருந்தால், அப்பாச்சியின் அமைப்பில் 'ரெக்வயர் லோக்கல்' (அதே சர்வரிலிருந்து வரும் கோரிக்கைக்கு மட்டும் அனுமதி) என்ற வரியைச் சேர்த்து வெளியாருக்கு அடைத்துவிட்டு, எஸ்எஸ்ஹெச் சுரங்கம் (சர்வருடனான மறையாக்கப்பட்ட இணைப்பு) வழியாக உங்கள் கணினியிலிருந்து நுழையலாம். பலர் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் ஹெச்டிடிபிஎஸ், குறிப்பிட்ட ஐபிக்கு மட்டும் அனுமதி, அப்பாச்சி அளவிலேயே கேட்கப்படும் இன்னொரு கடவுச்சொல் ஆகிய மூன்றும் தேவை.

மறுமொழி 2

ரூட் விஷயத்தில் பழுது எதுவும் இல்லை. உபுண்டுவில் மைஎஸ்கியூஎல்லின் ரூட் கணக்கு இயல்பாக 'ஆத்_சாக்கெட்' முறையில் இயங்குவதால், கடவுச்சொல்லைப் பார்க்காமல், இணைபவர் இயங்குதளத்தின் ரூட் பயனர்தானா என்பதையே அது பார்க்கிறது. இதைக் கடவுச்சொல் முறைக்கு மாற்றும்படி பல இடங்களில் எழுதியிருப்பார்கள், தயவுசெய்து மாற்றாதீர்கள். உங்கள் தரவுத்தளத்துக்கு மட்டும் உரிமை பெற்ற தனிப் பயனர் ஒருவரை உருவாக்கிக்கொண்டு, பிஹெச்பிமைஅட்மினின் அமைப்புக் கோப்பில் 'அலோரூட்' மதிப்பை 'ஃபால்ஸ்' ஆக்கிவிடுங்கள். அந்தப் பயனருக்கு 'ஃபைல்' உரிமையைத் தரவே கூடாது. வினவலின் விளைவைச் சர்வரில் கோப்பாக எழுதும் வசதி அந்த உரிமையைச் சார்ந்தது; இணையதளக் கோப்புறையில் எழுத வழி கிடைத்துவிட்டால், தரவுத்தளத்துக்குள் நுழைந்தவர் பிஹெச்பி நிரல் ஒன்றை அங்கே வைத்துச் சர்வரையே கைப்பற்றிவிடுவார்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. தனிப் பயனரை உருவாக்கிவிட்டேன். ஆனால் 'ரெக்வயர் லோக்கல்' சேர்த்து அப்பாச்சியை மறுதொடக்கம் செய்த பின்னும், கைபேசியின் மொபைல் டேட்டாவில் பக்கம் வழக்கம்போலத் திறக்கிறது. முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வலைச் சர்வர் நின்று, கோரிக்கைகளை அதே சர்வரில் 8080 போர்ட்டில் இயங்கும் அப்பாச்சிக்கு அனுப்புகிறது. இதைச் சொல்லத் தவறிவிட்டேன்.

மறுமொழி 1

காரணம் அதுவேதான். உலகின் எந்த மூலையிலிருந்து கோரிக்கை வந்தாலும், அதை அப்பாச்சியிடம் கொண்டுவந்து தருவது என்ஜின்எக்ஸ் என்பதால், அப்பாச்சியின் கண்ணுக்கு எல்லோருமே 127.0.0.1 முகவரியிலிருந்து வரும் உள்ளூர்க்காரர்களாகத் தெரிகிறார்கள். ஆகவே, ஏப்ட் சேர்த்த பொதுவான அமைப்பை முடக்கிவிட்டு, 127.0.0.1 முகவரியின் 8081 போர்ட்டில் மட்டும் செவிமடுக்கும் தனி விர்ச்சுவல் ஹோஸ்ட்டில் (அப்பாச்சிக்குள் தனி அமைப்பு கொண்ட தளத்தில்) அந்த ஏலியஸை வையுங்கள். என்ஜின்எக்ஸ் அந்தப் போர்ட்டுக்கு எதையும் அனுப்பாது. பிறகு எஸ்எஸ்ஹெச் கட்டளையின் பெரிய 'எல்' விருப்பத்தைக் கொண்டு, உங்கள் கணினியின் 8888 போர்ட்டைச் சர்வரின் 8081 உடன் இணைத்து, உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் 8888 என்று திறக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

செய்துவிட்டேன். கைபேசியில் 404 வருகிறது. சுரங்கம் வழியாகப் பக்கம் திறக்கிறது.