விடுசுற்று: ஒயர் உள்ளே அறுந்த பழுதுக்கு ஒரு சொல்

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

எங்கோ தொடர்பு இல்லாமல் மின்சாரம் ஓடாது நிற்கும் ‘ஓப்பன் சர்க்யூட்’டுக்குத் ‘திறந்த சுற்று’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று பேராசிரியர் ஐயா கேட்டிருந்தார். பள்ளிப் பாடநூலிலேயே உள்ள சொல்தான். சுவிட்சை அணைத்து வைத்த விளக்குக்கு அது பொருந்தும். எனக்குச் சங்கடம் வருவது பட்டறையில். நாமக்கல்லில் லாரி எலக்ட்ரீஷியன் வேலைக்குப் பையன்களைப் பழக்குகிறேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், மடையைத் திறந்தால் வாய்க்கால் நிறையும். திறந்ததால் ஓட்டம் நின்றுபோனது என்று சொன்னால் அவர்கள் மனதில் அது ஒட்டுவதே இல்லை.

போன வாரம் ஒரு பி.எஸ்.6 டீசல் லாரி வந்தது. நல்ல வெயில் நேரம், இன்ஜின் சூடாக நிற்கிறது, பழுது காட்டும் ஸ்கேனரோ கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி என்கிறது. விசிறி ஓயாமல் சுற்றுகிறது. பழுதுக் குறியீடு எஸ்.பி.என் 110, எஃப்.எம்.ஐ 3. அதாவது கூலன்ட் வெப்ப உணரியின் மின்னழுத்தம் இருக்க வேண்டியதைவிட அதிகம். பையன் ஒருவன் கேட்டான்: “ஒயர் அறுந்திருந்தா வோல்ட் இல்லாமத்தானே போகணும், எப்படிண்ணா கூடும்?”

நல்ல கேள்வி. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு தனக்குள் இருக்கும் ஒரு மின்தடை வழியாக 5 வோல்ட்டை அனுப்புகிறது. உணரி அதை எர்த் பக்கம் இழுத்து இறக்குகிறது. சூடு ஏற ஏற உணரியின் தடை குறையும். பரவலாகப் புழங்கும் ஒரு வகையில் 20 டிகிரிக்குச் சுமார் 2,500 ஓம், 80 டிகிரிக்கு 300 சொச்சம். தடை குறைந்தால் வோல்ட்டும் இறங்கும். ஒயர் விட்டுப்போனால் இழுத்து இறக்க ஆளே இல்லை, 5 வோல்ட் அப்படியே நிற்கும். இசியு அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்கிறது.

உணரியையும் ஒயரிங்கையும் இணைக்கும் கப்ளரைக் கழற்றி, ஒயரிங் பக்கத்து இரண்டு பின்களையும் சிறு ஒயரால் இணைத்துவிட்டுச் சாவியைப் போட்டோம். ஒயர் சரியாக இருந்தால் திரையில் வெப்பநிலை மேல் எல்லைக்குத் தாவியிருக்க வேண்டும். அசையவில்லை. அப்புறம் ஒயரிங் கட்டைத் தடவிக்கொண்டே போனோம். ஒரு பிராக்கெட் ஓரத்தில் ஒயரை இரண்டு விரலால் இழுத்தேன், ரப்பர் மாதிரி நீண்டது. மேலுறையில் சின்ன உரசல்தான். சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சை பூத்து இரண்டாகக் கிடந்தது. பையன் சட்டென்று சொன்னான்: “உள்ளே விட்டிருக்குண்ணா.”

அந்தச் சொல்லைத்தான் நான் கேட்கிறேன். விடுசுற்று. ‘கனெக்‌ஷன் விட்டுப்போச்சு’ என்று ஊரெல்லாம் சொல்வதுதானே.

‘அறுசுற்று’ என்று தம்பி ஒருவர் எழுதியிருந்தார். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அறுசுவை, அறுபடை என்று பழகிய காதுக்கு ஆறு சுற்று என்றல்லவா கேட்கும்? ‘முறிசுற்று’ என்று வைக்கலாமே என்றால், அதுவும் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. கப்ளருக்குள் ஒரு பின் தளர்ந்து தொடாமல் நின்றாலும் பழுது இதேதான். அங்கே எதுவும் முறியவில்லை, விட்டிருக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு வசதியும் உண்டு. லாரி குலுங்கும்போது மட்டும் தொடர்பு போய் வருகிற பழுதைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் தொழிலில் பெரிய பாடு. அதை நாங்கள் ‘விட்டு விட்டு வருது’ என்றுதான் சொல்கிறோம். ஒரே வேரிலிருந்து இரண்டு பழுதுக்கும் பெயர் கிடைக்கிறது.

‘திறந்த சுற்று’ சுவிட்சுக்கு அப்படியே இருக்கட்டும் ஐயா. வேண்டுமென்று பிரித்ததும் தானாக விட்டதும் இரண்டு வேறு செய்திகள். பழுது பார்க்கிறவனுக்கு அந்த வேறுபாடுதான் முக்கியம்.

எழுத்தைப் பற்றி ஒன்று. வினைத்தொகை என்பதால் வல்லினம் மிகாது. சுடுசோறு போல விடுசுற்று. ‘விடுச்சுற்று’ என்று யாரும் அச்சிட்டுவிட வேண்டாம். கடைசியாக ஒரு கேள்வி. ஒயர் லாரியின் பாடியில் பட்டு 0 வோல்ட் காட்டும் பழுதை நாங்கள் ‘எர்த் அடிக்குது’ என்கிறோம். அதற்கு நல்ல சொல் எனக்கு இன்னும் பிடிபடவில்லை, யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.