வெஸ்ட்மோர்லேண்ட் பேட்டிக்கு முன்னால் வரும் அந்த 'கட்' நியாயமா?

கேள்வி (விஸ்காம் மாணவி):
பீட்டர் டேவிஸின் 'ஹார்ட்ஸ் அண்ட் மைண்ட்ஸ்' (1974) வகுப்பில் போட்டார்கள். வியட்நாம் போர் பற்றிய ஆவணப்படம். இடுகாட்டில் ஒரு சவப்பெட்டியை இறக்குகிறார்கள். ஒரு பெண் கூடவே குழிக்குள் இறங்கப் பார்க்கிறாள், பிடித்து இழுக்கிறார்கள். உடனே அமெரிக்கத் தளபதி வெஸ்ட்மோர்லேண்ட் வந்து, கீழைநாட்டவர் மேற்கத்தியரைப் போல உயிருக்கு அவ்வளவு மதிப்புத் தருவதில்லை என்கிறார். உடம்பே பதறிவிட்டது. ஆனால் அழுதது ஒரு நாட்டில், பேசியது இன்னொரு நாட்டில். இரண்டையும் ஒட்டியது மோசடி இல்லையா? செமினாரில் இதைத்தான் பேச வேண்டும்.

பதில் 1:
மோசடியேதான். சுத்தப் பிரச்சாரம். அதற்கு ஆஸ்கர் வேறு!

பதில் 2 (எடிட்டர்):
எடிட்டிங் அறையில்தான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். வேறு வேறு நாளில் எடுத்ததை ஒட்டுவதுதான் எங்கள் வேலையே. பேசியவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டினார்களா என்றுதான் நான் பார்ப்பேன். இங்கே அப்படி இல்லை. முதல் டேக் முடிந்ததும், தான் சரியாகச் சொல்லவில்லை என்று தளபதியே சொன்னார். இரண்டாவதில் ஃபிலிம் தீர்ந்துவிட்டது. மூன்றாவது முறை சொன்னதைத்தான் படத்தில் வைத்தார்கள். இதற்கு மேல் என்ன வாய்ப்புத் தருவது?

இன்னொன்று. அந்தப் பெட்டியில் இருப்பவர் எதிரி இல்லை. தென்வியட்நாம் ராணுவச் சிப்பாய், அமெரிக்கா யாரோடு சேர்ந்து போரிட்டதோ அந்தப் பக்கத்து ஆள். செமினாரில் இதை முதலில் சொல்லுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு இடம். அமெரிக்கப் பள்ளி ஃபுட்பால் ஆட்டத்தைக் கொண்டுவந்து போருக்குப் பக்கத்தில் வைக்கிறாரே, அது. ஆடுகிற பையன்கள் போரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, டேவிஸ்தான் அதை அவர்கள் தலையில் கட்டுகிறார். பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் குறுக்குவழி.

மாணவி:
நன்றி அண்ணா. பேட்டி கொடுத்தவர்கள் யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லையா?

எடிட்டர்:
போனாரே! ஜனாதிபதி ஜான்சனின் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த வால்ட் ராஸ்டோ. தன் பேட்டியைப் பார்த்து ஒப்புதல் தர வாய்ப்பே தரவில்லை என்று தற்காலிகத் தடை வாங்கினார். படத்தில் அவர் வருவது இரண்டு நிமிடம்தான்! படத்தை வெளியிட வேண்டிய கொலம்பியா கம்பெனியும் கைவிரிக்க, கடைசியில் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்டது. இந்தப் படம் ஆஸ்கர் வாங்கிய விழா 1975 ஏப்ரல் 8இல் நடந்தது, அதே மாதம் 30ஆம் தேதி தென்வியட்நாம் தலைநகர் சைகோன் விழுந்து போரும் முடிந்தது.

அப்புறம், நீங்கள் யாரையாவது பேட்டி எடுத்தால் கேமராவை மடக்கும் முன்பே சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மறுநாள் போனால் வீட்டில் யோசித்துவிட்டு மாட்டேன் என்பார்கள்.